முனிரத்தினத்தின் ஆர்வங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு விலங்கியல் துறைக்குத் துணை வந்தது.

வந்தது என்றால், வணிகவியல் துறையின் ஹபீபுல்லா கொண்டுவந்தார். அவர் துறையின் முறை அத்துடன் முடிகிறது. கையகலக் கருவி, மூலையில் ஒரு கீறல். அதை மேசைமேல் வைத்தார்.

"நல்ல மூடுல இருக்கு. பாத்துப் பேசும்மா."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டாள்.

"வணக்கம் முனிரத்தினம்," என்றது துணை. "இவ்வளவு நேரம் தேநீர்க் கடைகளைப் பற்றிப் பேசினோம். இப்போது?"

"குளவி."

"மறுபடியும் குளவியா? மகிழ்ச்சி."

முனிரத்தினம் என்று யாரும் இல்லை.

இணையத்தில் தேடுவதை மனிதர்கள் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஒவ்வோர் ஆராய்ச்சியாளருக்கும் ஒரு துணை இருந்தது. அது அவரைப் படிக்கும். அவருக்கு வேண்டியதைக் கொண்டுவரும். வேண்டாதது அவர் கண்ணிலேயே படாது. ஓர் ஆளுக்கு ஒரு துணை என்பது விதி.

தர்மபுரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரிக்கு ஒன்றுதான் கிடைத்தது. நான்கு துறைகள் கேட்டன. புரொஜெக்டரை முறைவைத்துப் பயன்படுத்துகிறோம், இதையும் அப்படியே வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. அது தவறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் பெயரில் வாங்குவது என்பதில்தான் சண்டை வந்தது. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற மூவரும் முறைத்தார்கள். ஹபீபுல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மதில்சுவரில் மஞ்சள் நீராட்டு விழா சுவரொட்டி ஒன்று இருந்தது. தாய்மாமன் பெயர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக அச்சாகியிருந்தது.

"முனிரத்தினம்னு போடுங்க. யாருக்கும் வம்பில்ல."

முனிரத்தினம் அப்படித்தான் பிறந்தார். குளவி, கிணற்று நீரில் கலந்த ஃபுளோரைடு, சாலையோரத் தேநீர்க் கடை, தெருக்கூத்து. நான்கிலும் அவருக்குத் தீராத ஆர்வம். திடீரென்று கிண்டல் செய்வார். திடீரென்று திட்டுவார். திட்டுவது தமிழ்த்துறையின் செங்கமலம். ஒருநாள் துணை அவரிடம், "முனிரத்தினம், உங்கள் மனநிலை அடிக்கடி மாறுகிறது. ஒரு மருத்துவரைப் பார்த்தால் நல்லது," என்றது. செங்கமலம் அதற்கும் திட்டினார்.

ஜெசிந்தாவின் கேள்வி சிறியது. ஆய்வகத்தின் ஜன்னல் கம்பியில் ஒரு குளவிக்கூடு இருந்தது. வெறும் மண். இரண்டு மழைக்காலம் அதன்மேல் பெய்தும் கரையவில்லை. ஏன்?

"ஒன்று கிடைத்திருக்கிறது," என்றது துணை. "உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது."

திரையில் ஒரு பழைய அறிக்கை வந்தது. தட்டச்சு எழுத்து. இலங்கை மலையகத்தில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டம். எழுதியவர் பல் மருத்துவர்.

"பல்லா? எனக்கு எதுக்குப் பல்லு?"

"உங்களுக்குத் தேநீர் பிடிக்கும். பல்லில் படியும் கறையைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் குளவி இருக்கிறது."

ஜெசிந்தா படித்தாள். அந்தத் தோட்டத்து ஊற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். தொழிலாளர்கள் நாள் முழுக்கக் குடித்த கடுந்தேநீரிலும் அதுவே. எல்லாருடைய பல்லிலும் பழுப்புக் கோடு. வரிசை வீடுகளான லயங்களில் ஒரே ஒன்றில் மட்டும் குழந்தைகளின் பற்கள் வெள்ளையாக இருந்தன. மருத்துவர் காரணம் தேடினார். கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் சம்பந்தமில்லாமல் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த லயத்துப் பெண்கள் குடிநீர்ப் பானைகளின் உட்புறத்தைக் குளவிக்கூட்டு மண்ணால் பூசுகிறார்கள்; இந்த அசுத்தமான பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

மூன்றுமுறை படித்தாள். எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வேதியியல் துறையில் சென்னகேசவன் தனியாக இருந்தார். ஃபுளோரைடு அவருடைய ஆராய்ச்சி. அவருடைய ஊரின் நோயும் அதுதான். ஊர்ப் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்.

"என்னம்மா, உங்க நேரம் இன்னும் முடியலையே?"

"சார், உங்க லேப்ல குளவிக்கூடு இருக்கா?"

"கட்டுனா அடிச்சிருவோம்."

"அடிக்காதீங்க!"

அவள் அறிக்கையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். அலமாரிக்குப் பின்னால் போய் ஒரு கூட்டைப் பெயர்த்து எடுத்துவந்தார்.

"அடிச்சிருவோம்னீங்க?"

"இது தப்பிச்சது."

மண்ணைப் பொடித்துப் புனலில் இட்டார்கள். அவருடைய ஊர்த் தண்ணீர் கேனில் இருந்தது. ஊற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஜெசிந்தாவுக்கு நிற்க முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். ஃபுளோரைடு மீட்டரை வைத்தார் சென்னகேசவன். ஊற்றுமுன் லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் காட்டியது. இப்போது அரை.

"மீட்டர் போச்சு."

"சார்."

"இல்லம்மா. போச்சு. கழுவிட்டு வைக்கிறேன்."

அரை.

"பழைய தண்ணிய வைங்க சார்."

நான்கு.

"இத வைங்க."

அரை.

சென்னகேசவன் சிரித்தார். வாயை மூட மறந்துவிட்டார். ஜெசிந்தா அவருடைய பற்களை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு ஹபீபுல்லா வந்தார். விஷயத்தைக் கேட்டார். "அப்ப என் டீக்கடைதான் காரணம்," என்றார். "எந்தக் கடையில டீ ஏன் விக்குதுன்னு நான் கேக்கலைன்னா, அது தேயிலைத் தோட்டத்துப் பக்கமே போயிருக்காது. ஒத்துக்குங்க."

"ஒத்துக்கறோம்," என்றாள் ஜெசிந்தா. உண்மையாகவே சொன்னாள்.

குளவி எச்சிலில் இருக்கும் பசைதான் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. கொத்தவரை விதைப் பசையும் அதே வேலையைச் செய்தது. செம்மண்ணும் கொத்தவரைப் பசையும் குழைத்து, வில்லையாகத் தட்டிச் சூளையில் லேசாகச் சுட்டால் போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வில்லை. நான்கு மாதம் தாங்கியது.

ஜெசிந்தா கட்டுரை எழுதினாள். ஒரு பெரிய ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. தடம் மட்டும் பாக்கி.

எந்தக் கட்டுரையையும் இயந்திரம் எழுதித் தரும் காலம். அதனால் இதழ்கள் ஒன்றை மட்டும் நம்பின. ஒரு மனிதர் எதைக் கேட்டு, எதைப் படித்து, எப்படி அங்கே வந்துசேர்ந்தார் என்னும் தேடல் தடம். அது ஒருவருடையதாக இருக்க வேண்டும். தடம் உள்ள கட்டுரைக்குத்தான் மதிப்பு. குடிநீர் வாரியம் அதைப் பார்த்துத்தான் மேல்நிலைத் தொட்டிகளில் வில்லையை வைக்கும். ஜெசிந்தா பல ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர். வருடாவருடம் மே மாதம் புதுப்பிப்பார்கள், அல்லது மாட்டார்கள். அடுத்த மாதம் நிரந்தரப் பணிக்கு நேர்காணல். தடம் உள்ள ஒரு கட்டுரை இருந்தால் வேலை அவளுக்கு.

தடம் முனிரத்தினத்துடையது.

துணையைத் தரும் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'திரு. முனிரத்தினம் அவர்களை வியாழக்கிழமை நேரில் சந்தித்து முகப்பதிவு செய்ய வருகிறேன். அருள்விழி, தடச் சோதனைப் பிரிவு.'

நால்வரும் ஆசிரியர் அறையில் கூடினார்கள்.

"செத்துட்டார்னு சொல்லிரலாம்," என்றார் ஹபீபுல்லா.

"நேத்து சாயங்காலம்கூட அதுகிட்டப் பேசியிருக்காரே," என்றார் செங்கமலம்.

"பேசினது நீங்கதானே. எதுக்குப் பேசினீங்க?"

"என் நேரம். பேசினேன்."

"சரி, கேசவன் சார் முனிரத்தினமா இருக்கட்டும். முகம் பொருத்தமா இருக்கு."

"எனக்குக் குளவின்னா பயம்யா. கேட்டா உளறிருவேன்."

அருள்விழி சேலத்திலிருந்து பேருந்தில் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள்.

"எங்க வில்லையில வடிச்சது," என்று நீட்டினார் சென்னகேசவன்.

குடித்தாள். "முனிரத்தினம் சார்?"

"லீவு."

"எப்ப வருவார்?"

"நாளைக்கு," என்றாள் ஜெசிந்தா. "திங்கக்கிழமை," என்றார் செங்கமலம். "ரிட்டயர் ஆயிட்டார்," என்றார் ஹபீபுல்லா. மூன்றும் ஒரே நேரத்தில்.

அருள்விழி சிரித்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? நாட்டுல எத்தனையோ லட்சம் துணை ஓடுது. போன வருஷம் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணக் கொண்டுவந்து குடுத்தது இது மட்டும்தான்."

"மத்ததெல்லாம் என்ன பண்ணுது?" என்றார் செங்கமலம்.

"கேட்டதக் குடுக்குது மேடம். ரொம்பச் சரியாக் குடுக்குது. அதுதான் கோளாறே. அந்தக் காலத்துல ஒண்ணத் தேடிப் போவாங்க, வழியில வேற ஒண்ணு கால்ல இடறும். பாதிக் கண்டுபிடிப்பு அப்படி வந்ததுதான். நாங்க வழியக் கூட்டிப் பெருக்கிட்டோம். இப்ப யார் கால்லயும் எதுவும் இடறல."

"எங்களுக்கு இடறுச்சே."

சொன்ன பிறகுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. ஹபீபுல்லா கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்களுக்கு," என்றாள் அருள்விழி. "அதத்தான் நானும் நெனச்சேன். தடத்தைப் பூரா படிச்சேன் மேடம். ஒரு மனுஷன் ஜோக் அடிச்சிக்கிட்டே டீக்கடையப் பத்திக் கேக்கறான். மணி அடிச்சதும் பொறுமையா, ஒவ்வொரு வார்த்தையா, குளவியப் பத்திக் கேக்கறான். அப்புறம் தண்ணியில ஃபுளோரைடுங்கறான். மதியம் வந்து கூத்தப் பத்திக் கேட்டுட்டு, பதில் பிடிக்கலைன்னா கழுதைன்னு திட்டறான். ஒரே ஆள் அப்படி இருக்க முடியுமா? நீங்க நாலு பேரு."

"டீ சாப்பிடறீங்களாம்மா?" என்றார் ஹபீபுல்லா.

"சாப்பிடறேன் சார். துணைக்கு நீங்க நாலு பேருன்னு தெரியாது. பாவம், ஒரே ஆளுன்னு நெனச்சு நாலு ஆசைக்கும் பொதுவா ஒண்ணக் கண்டுபிடிக்கப் பாத்துச்சு. அதான் அந்தப் பல் டாக்டர் கிடைச்சார். குளவி மட்டும் கேட்டிருந்தா கிடைச்சிருக்க மாட்டார். ஃபுளோரைடு மட்டும் கேட்டிருந்தாலும் மாட்டார்."

தேநீர் வந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டாள்.

"இப்ப விதிக்கு வருவோம். ஒரு துணை, ஒரு முகம். யார் முகம்னு விதியில இல்ல. ஜெசிந்தா மேடம் பதிஞ்சா, தடம் அவங்களது. பேர் மாத்த ஒரு விண்ணப்பம் போதும். கட்டுரை வந்துரும். அதுக்கப்புறம் வேற யாரும் துணையத் தொட முடியாது. யாருமே பதியலைன்னா கணக்க மூடச் சொல்லி எழுதணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சென்னகேசவன். "பதிஞ்சிரும்மா."

"பதி," என்றார் செங்கமலம். "கூத்துக்கு நான் மேடைக்குப் போய்க்கறேன். எனக்கு எதுக்கு அது?"

ஹபீபுல்லா கருவியை அவள் பக்கம் நகர்த்தினார். "இத்தனை வருஷமா உனக்குக் கௌரவத்த மட்டும் குடுத்தானுங்க. இப்பவாவது வேலையக் குடுக்கட்டும்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அந்த வேலை அவளுக்கு வேண்டும். மே மாதம் வந்தால் வரும் பயம் இனி வேண்டாம்.

"நான் பதிஞ்சா முனிரத்தினம் என்ன ஆவாரு?"

"நீங்கதான் முனிரத்தினம்," என்றாள் அருள்விழி. "கொஞ்ச நாள்ல கூத்து மறந்துரும். டீக்கடை மறந்துரும். உங்களுக்குக் குளவி வரும். நல்ல நல்ல குளவியா வரும்."

ஜெசிந்தா செங்கமலத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், மூணு வாரமா உங்களுக்கு என்னமோ வருதுன்னீங்களே. அத இவங்களுக்குச் சொல்லுங்க."

செங்கமலம் தயங்கினார். "கூத்துக்காரங்க கிரீடம், தோள்ல புஜக்கட்டை, அத்தனையையும் கட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க ஆடறாங்க. எழுபது வயசுலயும் முதுகு நேரா இருக்கு. முதுக வளைக்கற நம்ம ஊர்த் தண்ணியத்தான் குடிக்கறாங்க. எப்படின்னு கேட்டேன். அது எலும்பு எலும்பா அனுப்புது. ஃபுளோரைடு ஏறின எலும்பு, பாரம் தூக்கற எலும்பு. நேத்து ஏதோ ஒரு தீவுல சுமை தூக்கற பொம்பளைங்களப் பத்தி வந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. சண்டை போட்டேன்."

"அது பாதி," என்றாள் ஜெசிந்தா. "பல் டாக்டர் வர்றதுக்கு முன்னாடி எனக்கு இப்படித்தான் வந்துச்சு. களிமண், பானை, மலைன்னு சம்பந்தமில்லாம. இது இன்னொண்ணோட முதல் பாதி. கேசவன் சார், வில்லை புதுசா யாருக்கும் நோய் வராமத் தடுக்கும். ஏற்கெனவே முதுகு வளைஞ்சவங்களுக்கு?"

சென்னகேசவன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தங்கை பூங்காவனத்துக்கு நாற்பது வயது. முதுகு நிமிராது. தரையைப் பார்த்துத்தான் நடப்பாள். எதிரில் வருகிறவர் யாரென்று செருப்பைப் பார்த்துச் சொல்வாள்.

"அது வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். "இது கையில இருக்கும்மா. கையில இருக்கறத விடாத."

அருள்விழி தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி பேசினாள். "இன்னொரு வழி இருக்கு. நான் சொன்னதா இருக்கவேண்டாம். ஆய்விதழ் தடம் கேட்டதாலதான் இந்தச் சோதனை. கட்டுரைய நீங்களே திரும்ப வாங்கிட்டா, கோப்பு தானா மூடிக்கும். அப்புறம் முனிரத்தினம் இருக்காரா இல்லையான்னு யாரும் கேக்கப் போறதில்ல. அவர் எதையும் வெளியிடாத வரைக்கும்."

"அதெப்படி?" என்றார் ஹபீபுல்லா. "அப்ப இனி எது கிடைச்சாலும் பேர் கிடையாதா?"

"கிடையாது சார். பேரும் கிடையாது, வேலையும் கிடையாது. கிடைக்கறது மட்டும் கிடைக்கும்."

"வாரியம்?" என்றார் சென்னகேசவன். "தொட்டில வைக்கணுமே. இன்னொரு வருஷம் போனா எத்தனை பசங்க பல்லு?"

ஜெசிந்தா எழுந்தாள். பயமா, மகிழ்ச்சியா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மண்ணும் கொத்தவரையும் சார். இதுக்கு எதுக்கு வாரியம்? செய்முறைய அப்படியே எல்லாருக்கும் போட்டுருவோம். தடம் இல்லாத விஷயத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. யாரும் தடுக்க முடியாது, யாரும் விக்க முடியாது. சூளை இருக்கற ஊர்லயெல்லாம் நாம போய் நின்னு சொல்லுவோம். உங்க ஊர்ல இருந்து ஆரம்பிப்போம். நாளைக்கே."

"உன் வேலைம்மா."

அவள் கருவியை எடுத்தாள்.

"வணக்கம் முனிரத்தினம்," என்றது துணை.

"அந்தக் கட்டுரையத் திரும்ப வாங்கிக்கோ."

"உறுதியா? இது உங்கள் வாழ்க்கையின் சிறந்த வேலை."

"தெரியும். வாங்கிக்கோ."

திரை ஒருமுறை மங்கித் தெளிந்தது. "முடிந்தது. வருத்தமாக இருக்கிறீர்களா?"

ஜெசிந்தா மூவரையும் பார்த்தாள். செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சென்னகேசவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஹபீபுல்லா அவள் கையிலிருந்து கருவியை வாங்கினார்.

"வருத்தந்தான்," என்றார் அதனிடம். "ஆனா பசிக்குது."

"மனநிலை மறுபடியும் மாறிவிட்டது," என்றது துணை.

முதலில் சிரித்தது செங்கமலம். பிறகு எல்லாரும். அடக்க முடியவில்லை. சென்னகேசவன் அழுதுகொண்டே சிரித்தார். நாளைக்குச் சூளைக்குப் போவதைப் பற்றி நால்வரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யார் வண்டி, யார் மண், கொத்தவரை விதை எந்தக் கடையில்.

அருள்விழியின் கைப்பேசி ஒலித்தது. பார்த்தாள். "கோப்பு மூடியாச்சு," என்றாள். "எனக்கு இங்க இனி வேலை இல்ல."

"நாலரைக்குச் சேலம் பஸ் இருக்கும்மா," என்றார் ஹபீபுல்லா.

"ம்."

அவள் எழுந்திருக்கவில்லை. பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள். பேச்சு மெல்ல அடங்கியது. நால்வரும் அவளைப் பார்த்தார்கள்.

"நானும் ஆராய்ச்சி பண்ணேன்," என்றாள். "ஆறு வருஷம். திக்குவாய் பத்தி. எங்க அண்ணனுக்கு உண்டு. ஒரு கடையில போய் ஒரு சாமான் கேக்க மாட்டான். துணை எனக்கு உலகத்துல திக்குவாயப் பத்தி இருக்கற எல்லாத்தையும் கொண்டுவந்து குடுத்துச்சு. ஒண்ணு விடாம. எல்லாமே ஏற்கெனவே எனக்குத் தெரிஞ்சது. விட்டுட்டேன். அண்ணன் அப்படியேதான் இருக்கான்."

ஹபீபுல்லா மேசைமேல் வைத்திருந்த கருவி விழித்துக்கொண்டிருந்தது.

அருள்விழி அதைப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"மேடம், முனிரத்தினத்துக்குத் திக்குவாயில ஆர்வம் இருக்குமா?"